இளகாத தோள்கறி

முள்கரண்டி இறங்கவில்லை.

நெல்டா இடம் மாற்றிக் குத்திப் பார்த்தாள். மேலே, ஓரத்தில், எலும்பை ஒட்டி. எங்கே குத்தினாலும் முனை கொஞ்சம் அமுங்கி, மெத்தென்று திரும்பி வந்தது. காலை ஐந்து மணிக்கு வைத்த கறி, இப்போது மணி ஒன்று. எட்டு மணி நேரம் ஸ்லோ குக்கர் மின்பானையில் கிடந்த பன்றித் தோள் கரண்டி பட்டதுமே நார் நாராகப் பிரிந்து விழ வேண்டும், எலும்பைப் பிடித்து இழுத்தால் சதை ஒட்டாமல் உருவிக்கொண்டு வர வேண்டும். அதுதான் பதம். முப்பது வருஷமாக அந்தப் பதத்தைத் தப்பவிட்டதில்லை அவள்.

எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், பக்கத்திலேயே இன்னொரு பானை சமர்த்தாக வெந்து முடித்து உட்கார்ந்திருந்தது. ஒரே பன்றியின் ஒரே இடது முன்தோள். கடைக்காரன் எலும்போடு குறுக்கே அறுத்து இரண்டாகக் கொடுத்தான். ஒரே உப்பு, ஒரே வினிகர், ஒரே சிவப்பு மிளகாய்த் தூள். ஒன்று சாயங்கால சர்ச் விருந்துக்கு, ஒன்று மகளுக்கு. சர்ச்சுக்கு வைத்தது வெண்ணெயாகிவிட்டது. மகளுக்கு வைத்தது முறைத்துக்கொண்டு கிடந்தது. அவளுக்கு வைத்தால் அவள் மாதிரிதானே இருக்கும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மூடியைப் போட்டாள்.

மகள் டெலனி நாலு வருஷம் கழித்து இன்றைக்கு வீட்டுக்கு வருகிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அப்பா கார்லைல் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, சார்லட் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். போனால் போ, உங்கப்பன் சாவுக்குக்கூட இந்தப் படி ஏறாதே என்று வாசலில் நின்று கத்தினாள் நெல்டா. கோபத்தில் எந்தத் தாயும் கத்துவதுதான். டெலனி அதைச் சட்டம் போல எடுத்துக்கொண்டாள். ஏழு வாரத்தில் கார்லைல் போய்ச் சேர்ந்தான். அவள் வரவில்லை. ஊரே பந்தல் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அவமானம் நெல்டாவின் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. வாயால் ஒரு வார்த்தை, தப்புதான் அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. இவள் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. போன வாரம் டெலனி போன் செய்து, சனிக்கிழமை வரட்டுமா, தோள்கறி செய்வாயா என்று மட்டும் கேட்டாள். இந்த ஒரு சாப்பாடும் கெட்டுப்போனால் மறுபடி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

விடிகாலையில் கறிக்கு உப்புத் தேய்க்கும்போது அதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் தேய்த்தாள். கத்தி முனையால் அங்கங்கே குத்தி, குத்திய இடத்தில் பூண்டைச் செருகினாள். "நாலு வருஷமா கல்லு மாதிரி நிக்கிறியேடி. இளகு. இன்னைக்காவது இளகு." கறியிடம் சொன்னாளா மகளிடம் சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தூக்கக் கலக்கம் வேறு.

ஒன்பது மணிக்கு டெலனி போன் செய்தாள். மதியம் கிளம்புவதாகச் சொன்னாள். விடிகாலை ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிட்டதாம், இடது தோள்பட்டையில் யாரோ ஊசி ஊசியாகக் குத்துகிற மாதிரி வலியாம். கண்ட தலையணையில் படுத்தால் அப்படித்தான் என்று சொல்லி வைத்தாள் நெல்டா.

வெளியே நவம்பர் மழை பெய்துகொண்டிருந்தது. அறுவடை முடிந்த கடலை வயலுக்கு மேல் வானம் சாம்பல் நிறத்தில் தொங்கியது, ஓட்டுத் தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே ஒரே தாளத்தில் சொட்டியது. அடுப்படிக்குள் வினிகரும் உருகிய கொழுப்புமாகச் சர்ச் பானையின் மணம் ஊறிக் கிடக்க, அதற்கு அடியில் வேறொரு மணமும் மெல்லப் பரவுவதை அவள் கொஞ்ச நேரமாகவே உணர்ந்துகொண்டிருந்தாள். கெட்ட வாடை இல்லை, தெரிந்த மணம். எங்கேயோ நிறைய நாள் மூக்கை வைத்து முகர்ந்த மணம். ஆனால் அடுப்படியில் வர வேண்டிய மணம் அல்ல.

இழுப்பறையிலிருந்து கறிக்குக் குத்துகிற ஃபாரன்ஹீட் தெர்மாமீட்டரை எடுத்துக் கறியின் நடுவில் செருகினாள். தொண்ணூற்றெட்டு.

தெர்மாமீட்டர் பாழாகிவிட்டது என்று நினைத்தாள். சுற்றிலும் சாறு கொப்புளம் விட்டுக் கொதிக்கிறது, நடுவில் எப்படித் தொண்ணூற்றெட்டு இருக்கும்? சர்ச் பானையில் செருகினாள். விறுவிறுவென்று ஏறி இருநூற்று மூன்றில், வெந்த கறிக்குரிய சூட்டில், நின்றது. தெர்மாமீட்டர் சரிதான். மறுபடி இதில் செருகினாள். இறங்கி வந்து தொண்ணூற்றெட்டு. சனியன் பிடித்த பானை, தினுசு தினுசாக உயிரை வாங்குகிறது என்று திட்டிக்கொண்டே, தெர்மாமீட்டரைச் செருகியபடியே விட்டு மூடியைப் போட்டு, விசையை ‘லோ’விலிருந்து ‘ஹை’க்குத் திருகினாள்.

இரண்டரைக்குச் சர்ச் வண்டியில் ஹோரஸ் அண்ணன் வந்தார். அவளுக்கு ஒன்றும் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. சர்ச்சில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன் தங்கைதான். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் வெந்த பானையைத் திறந்து ஒரு நார் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டினார். அப்புறம் மற்றதைத் திறக்கப் போனார். திறக்காதீங்க, ஒவ்வொரு தடவை மூடி தூக்கினாலும் அரை மணி நேரம் வீண் என்று தடுத்தாள். அவளே ஆறு தடவை தூக்கியாயிற்று.

"இன்னும் வேகலியா? என்ன தங்கச்சி, பன்னிய வாங்கினியா, பன்னி மேய்ச்சவன வாங்கினியா?"

"வெறுப்பேத்தாதீங்க அண்ணே. ஒரே கறி, ரெண்டாப் போட்டது. இது மட்டும் அடம் புடிக்குது."

அவர் மூடியில் ஒட்டியிருந்த காகித டேப்பைக் குனிந்து படித்தார். சர்ச் விருந்தில் இருபது பானை ஒரே வரிசையில் ஒரே மாதிரி நிற்கும். அதனால் பானைக்காரியின் பெயரை டேப்பில் எழுதி அடியில் ஒட்டுவார்கள், உள்ளே இருப்பது என்னவென்று எழுதி மூடியில் ஒட்டுவார்கள். பீன்ஸ், கீரை, கோழி என்று. ஹோரஸ் அண்ணன் கைக்கெட்டியதைத் தூக்கிப் போகிற ஆள் என்பதால், பானை மாறிவிடக் கூடாதே என்று விடிகாலையில் இந்த மூடியில் பெரிய எழுத்தில் மகள் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள் நெல்டா.

"டெலனின்னு போட்டிருக்க. அடியில போடுற பேர மூடியில போட்டா எப்படி? உள்ள இருக்கறது டெலனியா?" என்று சிரித்துவிட்டு, வெந்த பானையை அணைத்துத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் வீடு ரொம்பவும் அமைதியாகிவிட்டது. சர்ச் பானையோடு அதன் மணமும் போய்விட்டது. மிஞ்சியது அந்த இன்னொரு மணம்தான். இப்போது அதற்குப் பெயர் தெரிந்தது அவளுக்கு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் கழுத்து. வேர்வையில் நனைந்த பிஞ்சு முடி. டெலனிக்கு ஐந்து வயதில் நெஞ்சுச் சளி வந்தபோது பதினோரு நாள் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாளே, அதே மணம். நெல்டா ஜன்னலைத் திறந்து விட்டாள். மழைக் காற்று வந்தது. மணம் போகவில்லை.

பானையின் கண்ணாடி மூடி ஆடத் தொடங்கியது. கொதிக்கிற பானைக்கு மூடி ஆடும்தான். ஆனால் அது கடகடவென்று ஆடவில்லை. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி. அவள் கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள், உடனே எடுத்துவிட்டாள். நெல்டா, உனக்குக் கிறுக்கு முற்றிப்போச்சு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நூற்றொன்று.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. டெலனி பாதி வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தாள். உடம்பு கொதிக்கிறதாம், இந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். மருந்துக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தாளாம்.

"எவ்ளோ காட்டுச்சு?"

"நூத்தொண்ணும்மா. அதுக்கென்ன, சும்மா ஜுரம்தான். வந்துடுறேன்."

நெல்டா பானை பக்கம் திரும்பினாள். பானையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தெர்மாமீட்டரின் வட்ட முகத்தைப் பார்த்தபடியே நின்றாள். காய்ச்சல் என்றால் யாருக்கும் நூற்றொன்று வரும்தான் என்று மனசு சொல்லியது. அதை நம்ப வேண்டும் போலிருந்தது, நம்பினாள். மாத்திரை போடு என்று சொல்லி போனை வைத்தாள்.

நாலு மணிக்குக் கறி நூற்று மூன்றில் நின்றது. கல் போலவே கிடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் இதை எப்போது பிய்ப்பது, எப்போது வினிகர் ஊற்றிப் பிசைவது? பன் வாங்கி வைத்திருந்தாள், முட்டைக்கோஸ் சீவி வைத்திருந்தாள், மேசையில் நல்ல தட்டுகளை எடுத்து வைத்திருந்தாள். எல்லாம் தயார், இது ஒன்றைத் தவிர. அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அப்போது மறுபடி போன். அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் முள்கரண்டியோடு மூடியைத் தூக்கினாள். டெலனி பெட்ரோல் பங்கில் நிற்பதாகவும் இன்னும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒண்ணு இப்பவே சொல்லிடுறேம்மா. மன்னிப்புக் கேக்க வரல. சாப்பிட வரேன், அவ்ளோதான். நீதான் வராதேன்ன, நான் வரல."

நாலு வருஷத்துக் கோபமும் மணிக்கட்டில் வந்து இறங்கியது. நெல்டா முள்கரண்டியை ஓங்கிக் கறியில் இறக்கினாள்.

போனில் டெலனி அலறினாள்.

சாதாரண அலறல் இல்லை அது. பெற்றவளுக்குத் தெரியும். என்னடி, என்னாச்சு என்று இவள் கத்தக் கத்த, அங்கே மூச்சு மட்டும் வாங்கியது. தோளும்மா, யாரோ உள்ள குத்தினாங்கம்மா என்று விட்டு விட்டு வந்தது குரல். நெல்டாவின் கண் பானைக்குள் போனது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. அதன் நாலு முள்ளைச் சுற்றியும் சிவப்பாகக் கசிந்தது. பதினோரு மணி நேரம் வெந்த கறியில் இரத்தம் ஏது?

ஒரே ஒரு விரலால் கறியைத் தொட்டாள். தடவினாள் என்று சொல்ல வேண்டும்.

"இப்ப யாரோ தடவுற மாதிரி இருக்கும்மா," என்றாள் டெலனி. "பின்னால யாரும் இல்ல. வண்டியில நான் மட்டும்தான் இருக்கேன்."

"டெலனி. கண்ணு. அங்கேயே இரு. வண்டிய எடுக்காத. யாரையாவது கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

"இவ்ளோ தூரம் வந்துட்டு? விடும்மா. இப்பவும் வராதேன்னுதான் சொல்ற இல்ல?"

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. அதே பிடிவாதம். இவளிடமிருந்து போனதுதானே.

வயரைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நூற்று ஐந்து. பிடுங்கினால் என்ன, அது கனத்த பீங்கான் பானை, மணிக்கணக்கில் சூட்டைத் தன்னுள்ளே பிடித்து வைத்திருக்கும். இத்தனை வருஷமாக அதற்காகத்தான் அதை மெச்சிக்கொண்டிருந்தாள். நூற்று ஆறு. மூடியில் இருந்த டேப்பைக் கிழித்தாள். ஆவியில் ஊறிப்போயிருந்தது, எழுத்து எழுத்தாகத்தான் வந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துச் சாக்கடைக் குழாயில் தள்ளித் தண்ணீர் விட்டாள். நூற்றுப் பத்து.

கறியை வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு கையிலும் இடுக்கி எடுத்துத் தூக்கினாள். தூக்கிய இடத்தில் சதை பிரிந்தது. ஐயோ. பகலெல்லாம் இரும்பாகக் கிடந்தது, இப்போதா? மெல்ல மெல்ல, பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி திரும்ப வைத்தாள். குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டிகளை வாரிக் கொட்டினாள். கொட்டிய ஐஸ் அப்படியே மிதந்தது. உருகவில்லை. சாறு ஆறிப்போய் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. தெர்மாமீட்டரின் முள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

நூற்று நாற்பது.

நூற்று அறுபது.

வேண்டாம். இளக வேண்டாம். கல்லாகவே இரு. மன்னிப்பும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். நான்தான் தப்பு, நான்தான் சொல்லியிருக்கக் கூடாது. வாய் விட்டுச் சொன்னாள். மூடியைப் போட்டு, பானையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

மூடி ஆடியது. இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. நீண்ட இடைவெளி.

ஒரு தட்டு.

இருநூற்று மூன்று.

பானைக்குள் ஏதோ தானாகச் சாய்ந்தது. நாள் முழுக்க அவள் காத்திருந்த சத்தம். நனைந்த துணி நழுவுகிற மாதிரி. எலும்பு மட்டும் தனியாக மேலே மிதந்து வந்தது. ஒரு நார் ஒட்டவில்லை. சுத்தமாக, வெள்ளையாக இருந்தது.

போன் அடித்தது. இருட்டத் தொடங்கிவிட்டிருந்தது. விளக்குப் போடத் தோன்றவில்லை அவளுக்கு.

"அம்மா." டெலனியின் குரல் அத்தனை இதமாக இருந்தது. நாலு வருஷத்தில் கேட்காத குரல். இல்லை, எப்போதுமே கேட்காத குரல். "வலியெல்லாம் போயிடுச்சும்மா. இப்ப ஒண்ணுமே தெரியல. என் மேலதான் தப்பு. எல்லாத் தப்பும் என் மேலதான். நீ என்ன சொன்னாலும் சரிம்மா."

நெல்டா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வாசல்லதான் நிக்கிறேன். கதவத் திறயேன். ஒரு கையால இன்னொரு கையப் புடிச்சிட்டிருக்கேன். விட்டா நழுவுது."

வாசற்கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல். மழை. வயலோரம் கதவு திறந்தபடி நின்ற காரின் விளக்கு. நெல்டாவின் கால்கள் தாமாகவே நடந்தன. தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு திறந்தது.

டெலனி நின்றிருந்தாள். கன்னம் சிவந்து, கண் பளபளத்து, நனைந்த கோட்டுக்குள் சிரித்துக்கொண்டு. கோட்டின் கழுத்து வழியாக ஆவி வந்தது. வினிகரும் மிளகாயுமாக மணந்தது.

"அம்மா," என்று சொல்லி, அம்மாவைக் கட்டிக்கொள்ள வலது கையை விரித்தாள். பிடி விட்ட இடது கை கோட்டுக்குள்ளிருந்து மெல்ல இறங்கியது. விரல்கள் தொடையைத் தாண்டின. முழங்காலைத் தாண்டின. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அது இறங்கிக்கொண்டே இருந்தது.